தரை தட்டினால்தான் சம்பளம்!

எங்க ஊர்ப் பேரிலேயே சமுத்திரம் இருக்கு. அம்பாசமுத்திரம்! ஆனா உப்புத் தண்ணியில கால் நனைக்கணும்னா திருச்செந்தூருக்கு பஸ் ஏறணும். இப்படிப்பட்ட ஊர்க்காரன் கப்பலைப் பத்தி எழுதலாமா என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகிற கப்பல், கடலை விடக் கரையைத்தான் அதிகம் விரும்பும்.

மற்ற கப்பல் தரை தட்டினால் கேப்டனை விசாரணையில் நிறுத்துவார்கள். இது தரை தட்டினால்தான் கேப்டனுக்கு நல்ல பேர். எல்.எஸ்.டி. என்று மூணெழுத்து. டாங்கி, லாரி, ஆள் எல்லாரையும் கொண்டுபோய் நேராக மணலில் இறக்குகிற கப்பல். 1940-ல் டன்கர்க்கில் பிரிட்டிஷ் படை வண்டி வாகனங்களை அங்கேயே போட்டுவிட்டுத் தப்பி வந்தது. திரும்பிப் போகணும்னா துறைமுகமெல்லாம் எதிரி கையில். துறைமுகமே வேண்டாத கப்பல் ஒண்ணு தேவைப்பட்டது, பிறந்தது.

டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான். "அண்ணாச்சி, ஏறிரும் சரி. திரும்ப எப்படி இறங்கும்?"

நல்ல கேள்வி. வயிற்றில் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும். நடுக்கடலில் அதை நிரப்பி ஆழமாக அமிழ்ந்து வரும். கரை வந்ததும் தண்ணீரை வெளியே தள்ளி லேசாகிவிடும். மணலில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னாடியே பின்பக்கம் ஒரு நங்கூரத்தைப் போட்டுவிட்டு வரும். வேலை முடிந்ததும் அந்தக் கம்பிவடத்தைச் சுற்றி இழுத்தால், தன்னைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். மூக்கில் ரெண்டு கதவு, உள்ளே ஒரு சாய்தளம். அடிப்பாகம் தாம்பாளம் மாதிரி தட்டை. அதனால் அலையில் போடும் ஆட்டம் இருக்கிறதே, குடலைப் புரட்டிவிடும். வேகமும் கிடையாது. மாலுமிகள் அந்த மூணெழுத்துக்கு 'லார்ஜ் ஸ்லோ டார்கெட்' என்று விரிவு சொன்னார்கள். பெரிசு, மெதுவு, சுடுவதற்கு வசதி!

இந்த வகையில் ஒன்று நம்ம நேவிக்கு வந்தது. டைட்டானிக்கைக் கட்டிய அதே பெல்ஃபாஸ்ட் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கம்பெனி கட்டினது. பிறந்தபோது பேர்கூட இல்லை. எல்.எஸ்.டி. 3011, அவ்வளவுதான். 1947-ல் 'அவெஞ்சர்' ஆச்சு. 1949-ல் இந்தியாவுக்கு வந்து 'ஐ.என்.எஸ். மகர்' ஆச்சு. நீளம் சுமார் 350 அடி. முழுச் சுமையோடு ஏறக்குறைய 5,000 டன். நீராவி எஞ்சின். வேகம் 13 நாட், அதாவது மணிக்கு 24 கிலோமீட்டர். கல்யாண சீசனில் எங்க டவுன் பஸ் போகிற வேகம்.

நான் பி.காம். எனக்கு எதைப் பார்த்தாலும் தேய்மானக் கணக்குதான் ஞாபகம் வரும். போருக்காக அவசர அவசரமாகக் கட்டின கப்பலுக்கு எத்தனை வருஷ ஆயுள் போடுவீர்கள்? நான் அஞ்சு போடுவேன். ஆறாம் வருஷம் காயலான் கடை. ஆனால் 1966-ல் போலந்திலிருந்து கரியாலும் குல்தாரும் வருகிற வரைக்கும், பதினேழு வருஷம், நம்ம நேவிக்கு இருந்த ஒரே தரையிறங்கு கப்பல் மகர்தான். லீவு போட்டால் மாற்று ஆள் கிடையாது! 1971 யுத்தத்தில் விக்ராந்த் இருந்த அதே கிழக்குக் கடற்படையில் மகரும் இருந்தது. விக்ராந்த் பேர் எல்லாருக்கும் தெரியும். ஆபீஸில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிற நண்பர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

சுமக்கிற வேலைதானே, சுலபம் என்று நினைத்தால் தப்பு. அதே 1971 டிசம்பரில் காக்ஸ் பஜாரில் கரியாலும் குல்தாரும் ஆளை இறக்கப் போயின. தாமிரபரணியில் குளித்தவர்களுக்குத் தெரியும். முழங்கால் தண்ணி மணல்மேடு, அடுத்த காலடியில் ஆளை முழுங்குகிற கசம். அங்கேயும் அதுதான். கப்பல் தட்டியது கரையில்லை, மணல்திட்டு. அதற்கும் கரைக்கும் நடுவில் ஆழம். முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கியோடு இறங்கியவர்களில் ரெண்டு கூர்க்கா ஜவான்கள் மூழ்கிப் போனார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

அமெரிக்காவில் எல்.எஸ்.டி. 325 என்று ஒரு கப்பல். சிசிலி, நார்மண்டி எல்லாம் பார்த்துவிட்டு, 1964-லிருந்து 1999 வரை கிரேக்க நேவியில் உழைத்தது. பிறகு அதைக் கேட்டு வாங்கினது யார் தெரியுமா? பழைய மாலுமிகள். சராசரி வயசு 72! வீட்டில் பேரனைத் தூக்கிக்கொண்டு இருக்க வேண்டியவர்கள், கிரீட் தீவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி, 2001 ஜனவரியில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது எவான்ஸ்வில் ஊரில் மியூசியம். இண்டியானா மாநிலம், சுத்திலும் சோளக்கொல்லை. போர்க்காலத்தில் அந்த ஊர் ஆற்றங்கரையிலேயே இந்த வகைக் கப்பல் 167 கட்டினார்கள். கடலே இல்லாத ஊர். நம்ம ஜாதி!

மகரை அப்படி யாரும் நிறுத்தி வைக்கவில்லை. பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1987-ல் கல்கத்தா கார்டன் ரீச்சில் கட்டின புதுக் கப்பலுக்கு அதே மகர் பேர். 2020 மே மாதம், கொரோனாவில் விமானமெல்லாம் நின்று போனபோது, மாலத்தீவில் மாட்டிக்கொண்ட 202 பேரை ஏற்றிக்கொண்டு அது கொச்சி வந்து சேர்ந்தது. 2023 மே 6-ம் தேதி அதே கொச்சியில் ரிட்டையர் ஆச்சு. 36 வருஷ சர்வீஸ்.