ஓராண்டு நின்றுவிட்டால்...

தேர்வில் ஒருமுறை தவறினாலோ, நோயினால் ஓராண்டு படிப்பு நின்றாலோ, "இனி இவளுக்கு எதற்குப் படிப்பு?" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை.

நம் மானாம்பதியிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேரக்கூடிய ஊர்தான் வேலூர். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1954-ல் நேர்ந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. இளம் மருத்துவர், மகப்பேறு மருத்துவத்தில் ஆர்வம் கொண்டிருந்தவர். இனி நின்று அறுவை செய்ய இயலாது. ஆனால், தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சீராக்கும் அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா? டாக்டர் பால் பிராண்டிடம் அதைக் கற்று, சக்கர நாற்காலியிலிருந்தே செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அதற்கெனத் தனித் துறையை வேலூரில் வளர்த்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருதைவிட நமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. தண்டுவடம் அறுந்தவரைப் பழையபடி நடக்க வைக்க மருத்துவத்தால் இன்றும் பெரும்பாலும் முடிவதில்லை. தாமே எழுந்து உட்காருதல், உடுத்துதல், ஒரு தொழில் செய்து பிழைத்தல், இவையே அம்மருத்துவத்தில் வெற்றி. நம் மதிப்பெண் பட்டியலில் இதற்கு இடம் ஏது?

பெற்றோரே, ஓராண்டு பிந்திய மகளுக்கு அவசரமாக வரன் தேடாதீர்கள். பத்தாம் வகுப்பில் தவறியோருக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. தோழியரே, அவள் வகுப்புக்குத் திரும்பும் நாளில் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். விட்டுப்போன பாடங்களின் நோட்டுகளையும் கொடுங்கள்.