பெயருக்கு ஒரு பங்குதாரர் வேண்டாம்

மும்பைக்குப் பிழைக்க வந்த நம் தலைமுறைக்கு மாதச் சம்பளமே பெரிதாக இருந்தது. நம் பிள்ளைகளோ நல்ல உத்தியோகத்தை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்குகிறார்கள். வரவேற்க வேண்டிய துணிச்சல்தான். ஆனால் தொழிலை எந்த அமைப்பில் தொடங்குவது என்ற பேச்சு வந்ததும், "பார்ட்னர்ஷிப்பாகப் போட்டுவிடு, பெயருக்கு உன் மனைவியைச் சேர்த்துக்கொள்" என்று பெரியவர்களே யோசனை சொல்கிறோம். இது தவறான யோசனை என்பது என் கருத்து.

1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 'பெயருக்குப் பங்குதாரர்' என்று யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தாம் பங்குதாரராக இருந்த காலத்தில் நிறுவனம் பட்ட கடன் முழுவதற்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்கிறது அதன் 25ஆவது பிரிவு. பத்திரத்தில் மருமகளின் பங்கு 5 சதவீதம்தான் என்றாலும், கடன்காரர் முழுத்தொகையையும் அவரிடமே கேட்கலாம். அவருடைய சேமிப்பும் அவர் பெயரிலுள்ள ஃபிளாட்டும் அதற்கு ஈடாகப் போகலாம். விலகிய பிறகும், முறைப்படி பொது அறிவிப்பு கொடுக்காவிட்டால் வில்லங்கம் தொடரலாம்.

வரி குறையும் என்பார்கள். கூட்டு நிறுவனத்தின் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி. தனி ஆளுக்கு உள்ள படிப்படியான வரி விகிதம் அதற்குக் கிடையாது. வேலை செய்யாத பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் செலவாகக் காட்டவும் முடியாது.

ஒருவரே நடத்தும் சிறுதொழிலுக்குத் தனி உரிமையாளர் முறையே போதும். கடை உரிமம், தேவையானால் ஜி.எஸ்.டி., கட்டணமில்லாத உத்யம் பதிவு இவற்றோடு காரியம் முடிந்தது. நஷ்டம் வந்தால் அவருடைய சொந்தச் சொத்துக்கு ஆபத்து உண்டு. ஆனால் எதிலும் கையெழுத்திடாத மனைவியின் சொத்துக்கும், பெற்றோர் பெயரிலுள்ள வீட்டுக்கும் அந்தக் கடன் வராது.

கடனும் சரக்கும் பெருகினால், அல்லது இருவர் உண்மையாகவே சேர்ந்து உழைத்தால், 2008ஆம் ஆண்டுச் சட்டப்படியான எல்.எல்.பி. நல்லது. தனி ஆளுக்கு, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் ஒருநபர் கம்பெனி உண்டு. மோசடி செய்யாதவரை, போட்ட முதலோடு பொறுப்பு நின்றுவிடும். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் அபராதக் கட்டணம். கம்பெனி என்றால் தணிக்கையும் கட்டாயம்.

இங்கும் ஓர் எச்சரிக்கை. கண்டாலாவிலிருந்து கர்ஜத் இறங்கும் மலைப்பாதையில், பிரேக் பிடிக்காத ரயிலைத் திருப்பி நிறுத்தக் 'கேட்ச் சைடிங்' போட்டிருக்கிறோம். வரையறுத்த பொறுப்பும் அதுபோன்ற காப்புதான். ஆனால் சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி பெரும்பாலும் சொந்த ஜாமீன் கேட்கிறது. அதில் கையெழுத்திட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை காப்பு போய்விடும். ஆகவே ஜாமீன் பத்திரத்தில் வீட்டிலுள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டாம்.

ஊரை விட்டு வந்து, பல ஆண்டுத் தவணை கட்டி நாம் வாங்கியது பெரும்பாலும் ஒரே ஒரு வீடு. அது போனால் சாய்ந்துகொள்ள இங்கே சொந்தபந்தம் இல்லை. மருமகள் தொழிலில் உழைக்கிறாரா? உரிய பங்கும், கணக்குப் பார்க்கும் உரிமையும் கொடுத்துச் சேருங்கள். உழைக்கவில்லையா? அவர் பெயரைத் தொழிலில் இழுக்காதீர்கள். குடும்பத்தில் ஒருவருடைய பெயராவது கடனில்லாமல் இருக்கட்டும்.