கம்பங்களையும் கணக்கெடுங்கள்

1929-இல் ஒரு தேயிலை நிறுவனம் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது, நெல்லை மலையில் 8,374 ஏக்கர் மாஞ்சோலை. குத்தகை 2028-இல் முடிகிறது. அந்த நிறுவனம் 2024-லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்துவிட்டது, அவர்கள் குடியிருந்த லயங்கள் காலியாகின்றன.

ஊர் கலையும்போது தெருவிளக்கை யார் நினைப்பார்கள்? துருவேறிய கம்பம், எனாமல் பெயர்ந்த தகரத் தொப்பி, ஒரு பீங்கான் கப். பழைய இரும்புக் கடையில் எல்லாம் கிலோ கணக்குத்தான். ஆனால் சாயங்காலமே மஞ்சு இறங்கும் மலையில் வீட்டுக்கு வழி காட்டியது அந்த வெளிச்சம். இப்படிப்பட்ட விளக்குகளைக் காப்பாற்றவும் முடியும்: லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் மக்கள் குரல் கொடுத்துத்தான் பழைய எரிவாயுத் தெருவிளக்குகள் பல தப்பின.

குத்தகை முடிந்த தோட்டத்தில் காடு மீளட்டும், அது நியாயமே. அதற்குமுன், எஞ்சிய கம்பங்களைப் படமெடுத்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். சிலவற்றையாவது நெல்லை அரசு அருங்காட்சியகத்தில் வைக்கலாம். இந்தத் தோட்டத்தின் நாலுமுக்கிலும் ஊத்திலும் குதிரைவெட்டியிலும் பிறந்து வளர்ந்தவர்களையே இந்த வேலைக்கு அழைக்க வேண்டும். எந்த விளக்கு எங்கே எரிந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.