இராயபுர நிலையம் எவர் வரலாறு?

இந்தியாவில் இன்றும் நின்று நிலவும் தொடர்வண்டி நிலையக் கட்டடங்களுள் மூத்தது எது என்று நம் பள்ளி மாணவனைக் கேட்டுப் பாருங்கள். மும்பை என்பான், கல்கத்தா என்பான். சென்னையின் வடபால், துறைமுகத்துக்கு அணித்தாய் நிற்கும் இராயபுரம் என்று சொல்லமாட்டான். சொல்ல அவனுக்குக் கற்பித்தவர் யார்?

1853இல் மும்பையிலிருந்து தாணாவுக்கு மக்கள் செல்லும் முதல் வண்டி ஓடியது உண்மை. ஆனால் அன்றைய அந்நிலையங்கள் இரண்டும் இன்றில்லை. 1854இல் வங்கத்து அவுராவில் எழுந்த முதல் நிலையமும் இன்றில்லை. 1856 சூன் 28ஆம் நாள் ஆளுநர் ஆரிசு திறந்துவைத்த இராயபுர நிலையமோ தன் தூண்களோடு இன்றும் நிற்கின்றது. இன்னும் பின்னோக்கிச் செல்லின், 1837இலேயே சாலை போடுதற்குரிய கல்லை ஏற்றிவரச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை இருப்புப்பாதை இடப்பட்டது. மும்பை வண்டிக்குப் பதினாறாண்டு மூத்தது அது! செங்குன்றம் என்னும் அழகிய பெயரை 'ரெட் இல்சு' என்று பிதற்றுகின்ற நாவுக்கு இவ்வரலாறு எங்ஙனம் நினைவில் நிற்கும்?

திறப்பு நாளில் நடந்ததைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று ஓடிய வண்டிகள் இரண்டு. ஒன்றில் ஆளுநரும் ஏறத்தாழ 300 ஐரோப்பியரும் ஏறினர். மற்றொன்று இந்நாட்டு மக்களையும் தொடர்வண்டிப் பணியாளரையும் ஏற்றிக்கொண்டு திருவள்ளூரோடு நின்றது. மண்ணை வெட்டியவன் இம்மண்ணின் மகன். பாதைக்குக் கல் சுமந்தவள் இம்மண்ணின் மகள். பெட்டிகளைக் கட்டியதும் சென்னையிலிருந்த சிம்சன் பட்டறையே. ஆயினும் முதல் வண்டி வெள்ளையர்க்கு! வாலாசா வரை நீண்ட அப்பாதையைப் பற்றி எழுதப்படும் ஏடுகளில் ஆளுநர் பெயர் இருக்கின்றது. கும்பினியின் பெயர் இருக்கின்றது. வியர்வை சிந்தியவன் பெயர் ஒன்றேனும் உண்டா?

நிலையத்தை இராயபுரத்தில் அமைத்ததற்கும் கரணியம் உண்டு. கோட்டைக்கும் கடற்கரைக்கும் அணுக்கமான இடம். வணிகர் வாழ்ந்த நகரை அடுத்த இடம். அந்நகருக்கு வெள்ளையன் இட்ட பெயர் கருப்பர் நகரம். 1906இல் தன் இளவரசன் வந்து போனதைக் கொண்டாட, அவன் பெயரால் 'சியார்ச்சு டவுன்' என்று மாற்றினான். முதற்பெயர் இழிவு, இரண்டாம் பெயர் அடிமைத்தளை. முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் ஆங்கே முன்பே இருந்தன என்பது இன்று எத்துணைப் பேர்க்குத் தெரியும்?

இராயபுரத்தின் பெயரும் தப்பவில்லை. துறைமுகம் இல்லாத நாளில், தொலைவில் நின்ற கப்பலின் சரக்கை அலைமேல் ஏறியிறங்கிக் கரைசேர்த்த படகுத் தொழிலாளர் இங்கு எழுப்பிய கோவில் இராயப்பர் கோவில். பேதுரு என்னும் ஏசுவின் மாணாக்கர்க்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயரே இராயப்பர். அதனை 'ரோய' என்று படிக்கும்படி ஆங்கில எழுத்தில் வரைந்தான் வெள்ளையன். நம்மவரோ இகரத்தை வெட்டி 'ராயபுரம்' என்கின்றனர். ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது இலக்கணத்தின் தொடக்கப் பாடமன்றோ? (புரம் தமிழா வடசொல்லா என்னும் வழக்கு ஒருபுறம் கிடக்கட்டும்.)

'ரயில்' என்னுஞ் சொல்லின் கதை இதனினும் நகைப்புக்குரியது. ஆங்கிலத்தில் அச்சொல் வண்டிக்குரியதன்று. வண்டியின் உருளை ஓடும் இருப்புத் தண்டுக்குரியது. மாட்டுவண்டியைச் 'சாலை வந்தது' என்பவனை ஊரார் என்ன சொல்வர்? ஆங்கிலத்தைக் கடன் வாங்கியவர் அதனையும் பிழைபட வாங்கினர்! எழுத்தறியாத் தமிழன் அவ்வண்டியைக் கண்டதும் புகைவண்டி என்றான். பாதையை இருப்புப்பாதை என்றான். புகை போனபின் தொடர்வண்டி என்று ஆக்கிக்கொள்ள மொழி இடந்தந்தது. ஈழத்தார் தொடருந்து என்றும் வழங்குகின்றனர். ஆனால் அங்கும் 'புகையிரதம்' என்று வடமொழித் தேரைப் பூட்டியிழுப்பார் உளர்.

நிலையப் பெயர்ப்பலகை சிறு செய்தி என்பார்க்கு 1953 சூலையை நினைவூட்டல் போதும். கல்லக்குடி என்னும் ஊர்க்கு வடநாட்டு முதலாளியின் பெயரைச் சூட்டி 'டால்மியாபுரம்' என்று எழுதிய நிலையத்தின் முன்பு தமிழர் தண்டில் தலைவைத்துப் படுத்தனர். உயிர்களும் போயின. பெயருக்காகத் தமிழன் செத்திருக்கிறான்.

1873இல் நடுவண் நிலையம் எழுந்தது. 1907க்குப் பின் நெடுந்தொலைவு வண்டிகள் அங்கே போய் நின்றன. 1922இல் தலைமையலுவலகமும் பெயர்ந்தது. இராயபுரம் சரக்குக் கிடங்காயிற்று. கூரை இடிந்தது, கட்டடத்தைப் புதர் சூழ்ந்தது. 2005இல் பழுதுபார்த்து மீளத் திறந்தனர், நன்று. ஆனால் சென்னையின் மூன்றாம் முனையம் இங்கமைய வேண்டுமென்று வடசென்னையார் நெடுநாள் கேட்டனர். முனையமோ தாம்பரத்துக்குப் போயிற்று. தென்பகுதி வளரட்டும். வடசென்னைக்கு எஞ்சுவது எண்ணூர்ப் பகுதி அனல்மின் நிலையங்களின் சாம்பலும், திருவொற்றியூர்ச் சாலையில் அணிவகுக்கும் சரக்குந்துகளின் புழுதியும் மட்டுந்தானா?

நிலைய முகப்பில் தமிழிற் பொறித்த கல் ஒன்று வேண்டும். ஆரிசின் பெயர் அதில் இருந்துபோகட்டும். செங்குன்றத்துப் பாதையின் 1837ஆம் ஆண்டும், பாதையிட்ட கூலியாளரும், பெட்டி கட்டிய தச்சரும், ஊர்க்குப் பெயர் தந்த படகுத் தொழிலாளரும் அதில் இடம்பெறல் வேண்டும். உள்ளே இருக்கும் பெருங்கூடத்தில் அவ்வரலாற்றைத் தமிழில் விளக்கும் காட்சியகம் அமைதல் வேண்டும். வடசென்னையின் தமிழ் மன்றங்கள் ஒவ்வொன்றும் இதனைக் கேட்டுத் தென்னகத் தொடர்வண்டித் துறைக்கு எழுதுக. விடை ஆங்கிலத்திலோ இந்தியிலோ வருமாயின், அதனைத் திருப்பி விடுத்துத் தமிழில் கேட்டு வாங்குக.