ஓடைக் கல்லைப் புரட்டிப் பாருங்கள்!



ஸ்டோர்க் கழிவு ஓடையில் கலக்கிறது என்று நாம் முறையிட்டால், நிர்வாகம் ஒரு காகிதத்தை நீட்டுகிறது. "தண்ணீர் பரிசோதிக்கப்பட்டது, குறை ஏதுமில்லை" என்கிறது அந்தக் காகிதம். அத்தோடு நம் வாய் அடைக்கப்படுகிறது. கறுத்த நீரும் நாற்றமும் நம்முடைய வெறும் பிரமையாகிவிடுகின்றன!

அந்தச் சோதனை பொய் என்று நாம் சொல்லவில்லை. எந்த நேரத்துச் சோதனை என்றுதான் கேட்கிறோம். போத்தலில் பிடித்த நீர், பிடித்த அந்த நிமிஷத்தின் கதையைத்தான் சொல்லும். சனிக்கிழமை இரவு திறந்துவிட்ட கழிவைப் பற்றித் திங்கட்கிழமை காலையில் பிடித்த போத்தலுக்கு என்ன தெரியும்?

மலேசியாவில் ஆற்று நீரின் தரக் குறியீடு ஆறு அளவுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கரைந்த பிராணவாயு, அமோனியா, அமிலத்தன்மை, மிதக்கும் துகள்கள் முதலியவை அவற்றில் அடங்கும். எல்லாம் வேண்டிய அளவுகளே. ஆனால் அந்த நீரில் எந்த உயிர் பிழைத்திருக்கிறது என்ற கேள்விக்கு அக்கணக்கில் இடமில்லை.

அதற்குச் சாட்சி ஓடைக்குள்ளேயே குடியிருக்கிறது. கூலி வாங்காத சாட்சி. துரைக்கு அஞ்சாத சாட்சி! கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகளைத்தான் சொல்கிறோம்.

வாலில் மூன்று நூல் கொண்ட பூச்சி ஒன்று. இரண்டு நூல் கொண்டது மற்றொன்று. மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழு இன்னொன்று. இவற்றில் பெரும்பாலானவை பிராணவாயு நிறைந்த நீரில்தான் பிழைக்கும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் அங்கேயே வளர்வதால், இரவில் வந்த விஷமும் இவற்றுக்குத் தப்பாது.

பால் கெட்டுப்போகாதிருக்க அமோனியா. உறையப் பார்மிக் அமிலம். உறைந்த பின் மிஞ்சும் நீரில் புரதமும் சர்க்கரையும் உண்டு. அந்த நீர் ஓடையில் விழுந்தால் கிருமிகள் அதைத் தின்று பெருகி, பிராணவாயுவை உறிஞ்சிவிடும். நல்ல பூச்சிகள் மடியும். அவற்றின் இடத்தில் செம்புழு நெளியும். நம் இரத்தத்தில் உள்ளது போன்ற செம்பொருள் அதன் உடலிலும் இருப்பதால், மூச்சு முட்டும் நீரிலும் அது வாழும். நீண்ட வால் குழாயை நீருக்கு மேலே நீட்டி மூச்சுவிடும் எலிவால் புழுவும் வந்து சேரும்.

இது கிழவிக் கதையல்ல. 1909-லேயே கோல்க்விட்ஸ், மார்சன் என்ற ஜெர்மானியர் இருவர், எந்த அளவு அழுக்கில் எந்தப் பிராணி வாழும் என்று பட்டியலிட்டார்கள். 1970-களில் பிரிட்டனில் பூச்சிக் குடும்பங்களுக்கு மதிப்பெண் வகுத்தார்கள்: தூய நீரில் மட்டும் வாழ்பவற்றுக்கு 10; செம்புழுக் குடும்பத்துக்கு 2. பழைய தோட்டக் கம்பெனிகளின் தாய்நாட்டு ஆறுகளுக்குப் பொருந்திய நியாயம், நம் ஓடைக்கு மட்டும் பொருந்தாதா?

சட்டம் இல்லாமலில்லை. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. இல்லாதது, தேதியோடு எழுதிவைத்த சாட்சியம்!

ஆகவே ஒவ்வொரு கிளையும் செய்யவேண்டியது இது. கழிவுக் கால்வாய் விழும் இடத்துக்கு மேலே பத்துக் கல், கீழே பத்துக் கல். இரண்டு இடத்திலும் தரையும் நீரோட்டமும் ஒரே மாதிரி இருக்கட்டும். மாதம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, கண்டதை எழுதுங்கள். பெருமழை பூச்சிகளை அடித்துச் செல்லும். ஆகவே வெள்ளம் வடிந்தவுடன் பார்க்கவேண்டாம். சேற்று ஓடையில் நல்ல பூச்சி இயற்கையாகவே குறைவு; மேலும் கீழும் ஒன்றாயிருந்தால் ஆலைமேல் பழி சொல்லவேண்டாம். பூச்சி இருக்கிறதென்று அந்த நீரைக் குடிக்கவும் வேண்டாம். நோய்க்கிருமியைப் பூச்சி காட்டிக் கொடுக்காது.

ஆனால் மேலே கூடு கட்டும் புழுவும் கீழே செம்புழு மட்டுமே என்று மாதாமாதம் வந்தால், அந்த நோட்டுப் புத்தகத்தைச் சுற்றுச்சூழல் இலாகாவின் மேசையில் வையுங்கள். நாம் அழைக்கும் நாளில், நம் முன்னிலையில் போத்தலில் நீர் பிடிக்கவேண்டுமென்று கேளுங்கள்.

பால் எடையும் செக்ரோலும் பிழையின்றி எழுதும் கிராணிமார் கைகளுக்கு இது பாரமா? விடியுமுன் மரம் வெட்டக் கிளம்பும் கால்களுக்கு ஓடை தூரமா?

காகிதத்துக்குக் காகிதத்தால் பதில் சொல்வோம்!