உடற்கல்வி நேரத்தைக் கடன் கேட்காதீர்!



"ஐயா, இன்றைய உடற்கல்வி நேரத்தை எனக்குக் கொடுங்கள், கணிதப் பாடம் இன்னும் முடியவில்லை." ஆசிரியர் அறையில் இவ்வேண்டுகோளைக் கேட்காதவர் நம்மில் யாரும் இரார். நானும் கேட்டவன்தான், வாங்கியவன்தான். வாங்கிய நேரத்தைத் திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போயிற்று, கடன் வாங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பெற்றோர் தரப்பில் வேறொரு குரல் ஒலிக்கிறது. "எங்கள் குடும்பத்திற்கே இனிப்புநீர் உண்டு ஆசிரியரே. இவனுக்கும் வரத்தான் போகிறது. திடலில் ஓடினால் மட்டும் மாறிவிடுமா? உட்கார்ந்து படிக்கட்டும்." இந்த அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது மிகுதி. ஆயினும் "மரபணு எழுதியது எழுதியதுதான்" என்று கைவிரிப்பது சரியா? இங்கேதான் மேல்மரபியல் என்னும் துறை நமக்குச் சற்று நம்பிக்கை தருகிறது.

மேல்மரபியலைத் தமிழாசிரியர்க்கு விளக்குவது எளிது. 'க' என்ற எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது. எழுத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது; ஒலி அடங்கிவிடுகிறது. நம் மரபணுக்களின் மேலும் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறிகள் அமர்கின்றன. பல இடங்களில் அக்குறி ஏறினால் மரபணு அடங்கும், இறங்கினால் செயல்படும். பெற்றோரிடமிருந்து பெற்ற எழுத்து மாறுவதில்லை. அது ஒலிக்கும் விதம் மாறுகிறது.

உடற்பயிற்சி இப்புள்ளிகளை மாற்றுமா? சுவீடனின் கரோலின்ஸ்கா கல்விக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அழகானதொரு சோதனையை வெளியிட்டனர். நலமுள்ள இளையோர் 23 பேர், மூன்று மாதங்களுக்கு, வாரம் நான்கு முறை, 45 நிமிடம் பயிற்சி செய்தனர். ஆனால் ஒற்றைக் காலால் மட்டும்! மற்றொரு கால் சும்மா இருந்தது. இரு கால்களும் ஒரே ஆளுடையவை. ஒரே உணவு, ஒரே உறக்கம், ஒரே பரம்பரை. பின்னர் இரு கால்களின் தசைத் துணுக்குகளையும் ஒப்பிட்டபோது, பயிற்சி பெற்ற காலில் ஏறத்தாழ 5,000 இடங்களில் மெத்தில் குறிகள் மாறியிருந்தன. ஒரே பரம்பரைக்குள் இரண்டு கால்கள் இருவேறு விதமாக ஒலித்தன!

2018இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி சென்றனர். எண்மர் ஏழு வாரம் பளுப்பயிற்சி செய்தனர். ஏழு வாரம் நிறுத்தினர். மீண்டும் ஏழு வாரம் செய்தனர். இடையில் பெருத்த தசை இளைத்துவிட்டது. ஆனால் சில மரபணுக்களில் பயிற்சியால் இறங்கிய குறிகள் ஓய்வுக்குப் பின்னும் ஏறவில்லை. இரண்டாம் முறை தசை முன்னிலும் நன்றாக வளர்ந்தது. தசைக்கும் நினைவாற்றல் உண்டென அவர்கள் கருதினர்.

மிகைப்படுத்தலாகாது. இவை சிறிய ஆய்வுகள், வளர்ந்தவர்களிடம் நடந்தவை. சுவீடன் குழுவே, ஒன்பது மாத இடைவெளிக்குப் பின் 12 பேரை மீண்டும் சோதித்து, மரபணுக்களின் செயற்பாட்டில் அத்தகைய நினைவுக்குத் தெளிவான சான்று இல்லை என்று 2016இல் எழுதியது. ஓடினால் இனிப்புநீர் வரவே வராது என்றும் யாரும் உறுதி கூறவில்லை. ஆனால் 'பரம்பரை' என்று சொல்லிக் கைகட்டி நிற்பதற்கு அறிவியல் இனி இடம் கொடாது என்பது என் துணிபு.

பிள்ளைகள் நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் உடலை உழைக்கவிட வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பள்ளி முடிந்ததும் பகுதிநேர வகுப்பு, அதன்பின் கைப்பேசி என்று வாழும் பிள்ளைக்குப் பள்ளித் திடலே எஞ்சிய வாய்ப்பு. அதையும் நாம் பறித்தால் அவன் எங்கே ஓடுவான்?

ஆசிரியர்களே, உடற்கல்வி நேரத்தைக் கடன் கேட்காதீர், கேட்டாலும் கொடாதீர். பந்தை எறிந்துவிட்டு மரநிழலில் பயிற்சி நூல் திருத்துவதும் உடற்கல்வியன்று. பெற்றோர்களே, வெயிலுக்கு அஞ்சி விலக்குக் கடிதம் எழுதுமுன் ஒருகணம் எண்ணுங்கள். மாலையில் அவர்களோடு நீங்களும் நடங்கள். பெரியவர்களின் தசையும் மாறும் என்பதைத்தானே அந்த ஒற்றைக் கால்கள் காட்டின?

நான் வாங்கிய பழைய கடனை அடைக்க இயலாது. அம்மாணவர்கள் வளர்ந்துவிட்டார்கள். புதுக்கடன் வாங்குவதில்லை என்று மட்டும் உறுதி பூண்டிருக்கிறேன். நீங்களும் சிந்தியுங்கள்.