கொடி மாறியது, தோட்டமும் கைமாறியது

1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானபோது மலாயாவின் பேராக்கில் பிரிட்டன் கேட்டது ஓர் ஆலோசகர் பதவிதான். அதில் அமர்ந்த பெர்ச் மறுவருடமே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். வெள்ளையர் பிடியோ இன்னும் இறுகியது. 1877-இல் கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன.

அந்த ரப்பருக்காகப் பின்னால் வந்தவர்கள் நம் தமிழர்கள். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, ஒட்டுப்பாலையும் விடாமல் சேர்த்தவர்கள்.

1957 ஆகஸ்டு 31-இல் கொடி மாறிய கதையை எல்லாரும் சொல்வார்கள். தோட்டம் கைமாறிய கதைதான் கசப்பு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றன. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கினார்கள். வேலையோடு லயத்து வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். நம் பார்வையில் சுதந்திரத்தின் மறுபாதி அதுதான். ஆனாலும் 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானதும் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

பழைய தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடு. சில, வீடமைப்புப் பகுதி. அந்தத் தோட்டங்களின் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகங்கள் கோயில் அலமாரியில் கிடந்தால், ஆலய நிர்வாகங்கள் அவற்றை எடைக்குப் போடாமல் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.